கழிவு என்ற சொல்லால் பூட்டப்பட்ட மீன் கொட்டகையைத் திறக்க வேண்டி

அனுப்புநர்:
மூன்றாம் மேசை அறுப்புத் தொழிலாளி,
ஏரிக்கரை மீன் கொட்டகை (தற்போது பூட்டியுள்ளது),
வீடு: படகுத்துறைச் சந்து, கடைசி வீடு, நீலக் கதவு.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவு,
இரண்டாம் மாடி.

பொருள்: ஏரிக்கரை மீன் கொட்டகை தவறான காரணத்துக்காகப் பூட்டப்பட்டது – என் முந்தைய மனுவில் இருந்த ‘கழிவு’ என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்ளப்பட்டது – ஏரி கெட்ட உண்மைக் காரணத்தை விசாரித்து, எங்கள் வேலையையும் கூலியையும் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனு (நான்கு வரி).

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தலைமை அலுவலர் யார் என்று கீழ்த்தளத்தில் விசாரித்தேன். ஐயா மாற்றலாகிப் போய்விட்டார் என்றார் ஒருவர். அம்மா இன்னும் பொறுப்பேற்கவில்லை என்றார் இன்னொருவர். நாற்காலி காலியாக இருந்தாலும் மனு போடலாமா என்று கேட்டதற்கு இருவரும் தாராளமாகப் போடலாம் என்றார்கள். ஆகவே இரண்டையும் எழுதியிருக்கிறேன். கீழே எங்காவது ஐயா என்று மட்டும் வந்தால் அது கைப்பழக்கம், பொறுத்துக்கொள்ளவும்.

இந்த மனு நீளமாக இருக்கும் என்பதை முதலிலேயே தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சென்ற முறை சுருக்கமாக எழுதியதால்தான் இத்தனையும் நடந்தது. எண் போட்டு எழுதினால் படிக்க வசதியாக இருக்கும் என்று சொன்னார்கள், போட்டிருக்கிறேன்.

1. நான் ஏரிக்கரை மீன் கொட்டகையில் மீன் அறுக்கிறவள். அறுத்தவள் என்று எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. கதவில் பூட்டு தொங்குகிறது, ஆனால் யாரும் என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. கொட்டகையில் எட்டு மேசைகள், மேசைக்கு இரண்டு பெண்கள். படகுகள் விடியலில் கொண்டுவரும் கெண்டையைச் செதில் தேய்த்து, வயிறு கீறி, செவுளும் குடலும் எடுத்து, கழுவி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுப்போம். மத்தியானம் குளிர்பதனக் கிடங்கின் லாரி வந்து ஏற்றிப் போகும். என் மேசையில் எனக்கு எதிரே நிற்பவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் இருவருக்கும் வாய் ஓயாது. வாயைவிடக் கை வேகமாக ஓடுவதால் முதலாளி எங்களைப் பிரித்து வைக்காமல் விட்டிருந்தார்.

2. எங்கள் தொழிலில் கழிவு என்ற சொல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. மீனிலிருந்து எடுத்து வாளியில் போடும் செதிலும் குடலும் கழிவு. அதே சொல் தராசுக்கும் உண்டு. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, சுத்தம் செய்த மீனின் எடைக்குத்தான் கூலி. எடை போட்டதும் ஐஸுக்கும் ஈரத்துக்கும் என்று முதலாளி கொஞ்சம் குறைத்துக்கொள்வார். அதையும் கழிவு என்றுதான் சொல்வோம். “கழிவு போக இவ்வளவு” என்பார், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவோம். வாளிக் கழிவு எது, கூலிக் கழிவு எது என்று எங்களில் ஒருத்திக்கும் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. படிக்காத பெண்களும் எங்களில் உண்டு, அவர்களுக்கும் வந்ததில்லை.

3. போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஏரி பச்சையாகிவிட்டது. கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை என்று நினைத்துவிட வேண்டாம். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி கெட்டியான பச்சை. துறையில் இறங்கினால் கணுக்கால்வரை ஒட்டிக்கொண்டு வரும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். சில நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாத்தனாருக்குக் காட்டி, இதுகளும் உங்களை மாதிரியே பேசுகின்றன என்று கேலி செய்தேன். அடுத்த வாரம் அவை வயிறு மேலாக மிதந்தன. உயிரோடு பிடித்த மீனிலும் சேற்று நாற்றம் அடித்தது, எத்தனை தண்ணீர் மாற்றிக் கழுவினாலும் போகவில்லை. லாரிக்காரர் பெட்டியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று தள்ளிவைக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு பெட்டி தள்ளினார், கொஞ்ச நாளில் லாரி பாதி காலியாகவே திரும்பிப் போனது.

4. தள்ளிய பெட்டிகளின் நஷ்டத்தை முதலாளி எங்கள் தராசில் ஏற்றினார். அறுக்கும் மட்டும் அறுத்துவிடுவோம், கூலி நேரத்தில் “லாரிக்காரன் எடுக்கலையே, நான் எங்கே போக” என்று கழிவில் சேர்த்துவிடுவார். அவரும் அழாத குறையாகத்தான் சொல்வார், அவரைக் கொடுமைக்காரர் என்று நான் எழுதவில்லை. ஆனால் கூலியில் மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போனபோது எனக்கும் அழாத குறைதான். பிறகு கடைசி இரண்டு மேசைப் பெண்களை வர வேண்டாம் என்றார். மிச்சம் இருந்தவர்களில் முன்னால் வந்து நிற்பவளுக்குத்தான் மீன் என்று ஆனது. அதுவரை வெற்றிலையைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி இருட்டோடு வந்து வாசலில் உட்கார்ந்தோம். நானும் போய் உட்கார்ந்தேன். படகுக்காரர்களில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குச் சுமை தூக்கப் போய்விட்டார்கள். அங்கே ஆள் கூடியதால் அங்கேயும் கூலியைக் குறைத்துவிட்டார்களாம். சூளையில் ஏற்கெனவே வேலை செய்தவர்கள் எங்கள் படகுக்காரர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். ஏரியையே பார்க்காதவர்களுக்கு ஏரியால் கூலி குறைந்தது எப்படி என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

5. இந்த நிலையில்தான் நான் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனேன். வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் மேலே சொன்ன அத்தனையும் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். அதிகாரிகளுக்கு நாலு வரிக்கு மேல் படிக்கத் தெம்பு இருக்காது, அடக்கிச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்றார். அவர் எழுதியது இவ்வளவுதான்:

“ஏரிக்கரை மீன் கொட்டகையில் நாளுக்கு நாள் கழிவு அதிகமாகிக்கொண்டே போகிறது. இதனால் அங்கு வேலை செய்யும் பெண்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம். பலமுறை சொல்லியும் முதலாளி கண்டுகொள்ளவில்லை. தாங்கள் தலையிட்டு உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.”

படித்துக் காட்டினார். ஒவ்வொரு வரியும் உண்மை. நான் மூன்று தடவை கேட்டும் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. பேஷாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதில் பொய் என்று ஒரு எழுத்தைக் காட்ட முடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத முதல் விஷயம்.

6. தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தர் அதைப் பார்த்த உடனேயே, கழிவு எங்கள் துறையில் வராது என்று முத்திரை குத்திச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் ஓடிப்போய், நான் எழுதியது கூலிக் கழிவு ஐயா என்று கதறினேன். அவர் பொறுமையாக, கூலியில் குறைத்தால் அதற்குப் பெயர் பிடித்தம், அப்படி எழுதியிருந்தால் நாங்கள் பார்த்திருப்போம் என்றார். எங்கள் வீட்டில் பிடித்தம் என்றால் மனசுக்குப் பிடித்தது என்று பொருள். என் கூலி குறைந்தது எனக்குப் பிடித்தம் என்று நான் எப்படி எழுதுவேன் என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார், எழுத்தர் சிரிக்கவில்லை. மரியாதைக் குறைவாகப் பேசியிருந்தால் அதற்காக இங்கே வருத்தம் தெரிவிக்கிறேன்.

7. சுகாதாரப் பிரிவிலிருந்து ஆய்வாளர் வந்தார். முகமூடி போட்டிருந்தார், கூடவே படம் எடுக்க ஒருவர். நாங்கள் ஏதோ நல்ல காரியம் நடக்கப்போகிறது என்று நினைத்து முடியைத் திருத்திக்கொண்டு நின்றோம். படம் எடுக்க வந்தவர் எங்கள் யாரையும் எடுக்கவில்லை. குடல் வாளிகளை எடுத்தார், தரையில் கிடந்த செதிலை எடுத்தார், கொட்டகைக்குப் பின்னால் பச்சையாகக் கிடந்த ஏரியை எடுத்தார். எடுத்து முடித்ததும் ஆய்வாளர், மீன் கழிவைக் கொட்டி ஏரியைக் கெடுத்த குற்றத்துக்காகக் கொட்டகையைப் பூட்டுவதாகச் சொல்லிக் கதவில் தாளை ஒட்டினார். ஐயா, எங்கள் குடல் வாளியைக் கோழித்தீவனக்காரர் தினமும் காசு கொடுத்து எடுத்துப் போகிறார். காசு வருவதை யாராவது ஏரியில் கொட்டுவார்களா என்று நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் அவர் காதில் எதுவும் விழவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் கத்திகளையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

8. பூட்டிய தாளோடு என் மனுவின் நகலையும் முதலாளியிடம் கொடுத்தார்கள். அவர் அதை எல்லோர் முன்னாலும் படித்தார். கீழே என் கையெழுத்து. பதினோரு பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கழிவு என்று எழுதியது அந்தக் கழிவை இல்லை, இந்தக் கழிவை என்று விளக்க வாயைத் திறந்தேன். கேட்கக் கேட்க எனக்கே அது சப்பைக்கட்டு மாதிரிதான் இருந்தது. என் நாத்தனார் கையைக் கழுவினார், துடைத்தார், செருப்பை மாட்டினார். வாசலைத் தாண்டும்போதுதான் சொன்னார்:

“வாயால கெடுத்தது போதாதுன்னு கையெழுத்தாலயும் கெடுத்துட்டியே.”

அன்று முதல் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவருக்குக் கணவர் இல்லை. கண் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டிய மாமியாரும் அவரும் அந்தக் கூலியில்தான் சாப்பிட்டார்கள். இப்போது அவர் பஸ் நிலையக் கழிப்பறையில் காசு வாங்க உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எனக்கு வேலை போனது ஒரு பங்கு வருத்தம் என்றால் அவர் முகம் கொடுக்காதது ஒன்பது பங்கு வருத்தம். இதை மனுவில் எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

9. என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல மறுபடியும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். நடவடிக்கை எடுத்தாகிவிட்டதால் குறை தீர்ந்துவிட்டது, தீர்ந்த குறையைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்றார்கள். எனக்கு என் குறை தீரவில்லையே என்றேன். எங்கள் பதிவில் தீர்ந்துவிட்டது என்றார்கள். வேண்டுமானால் குறை தீர்ந்ததற்கு நன்றி தெரிவித்து ஒரு வரி எழுதித் தரலாம், அலுவலகத்துக்கு உதவியாக இருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். கேலியாகச் சொன்னாரா நிஜமாகவே கேட்டாரா என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

10. கடைசியாகச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு இளம் பெண் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். இத்தனை அலுவலகம் ஏறி இறங்கியதில் நாற்காலி கிடைத்தது அங்கேதான், அதனால் எழுதுகிறேன். மறுநாளே வந்து ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இது மீன் குடலால் வந்த பச்சை இல்லை, மேலேயிருந்து வருகிறது என்றார். மேலேயிருந்து என்றதும் நான் மேலிடத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, எந்த அதிகாரி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மேட்டுப் பக்கம் என்றார். மேட்டில் இருக்கும் பெரிய பால் பண்ணையின் சாணக் கரைசலையும் உரத்தையும் சோள வயல்களில் ஊற்றுகிறார்கள். மழை வந்தால் அது அப்படியே வாய்க்காலில் வழிந்து ஏரிக்கு வந்துவிடுகிறது. பயிருக்குப் போக வேண்டிய சத்தைப் பாசி தின்று கொழுக்கிறது, பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் காற்றை உறிஞ்சிவிடுகிறது, மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியானால் கொட்டகையைத் திறக்கலாமே என்றேன். திறக்கும் அதிகாரம் தனக்கு இல்லை, பூட்டியவர்கள்தான் திறக்க வேண்டும், பண்ணையை விசாரிக்க வேண்டுமென்றால் யாராவது பெயர் சொல்லிப் புகார் தர வேண்டும் என்றார். எந்த நாள் ஊற்றினார்கள், யார் ஊற்றினார்கள் என்று சாட்சி இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

11. எழுந்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இதை 10-லேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. அந்தப் பண்ணையில் சாணக் கரைசல் டேங்கரை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.

பண்ணை வந்தபோது எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவருக்கு நிலையான சம்பளம், ஆண்டுக்கு இரண்டு சட்டை, முழங்கால் பூட்ஸ் எல்லாம் உண்டு. மாட்டுக் கொட்டில்களின் சாணமெல்லாம் ஒரு குட்டையில் சேரும். குட்டை முதலில் வெட்டியது கொஞ்சம் மாடுகளுக்கு. மாடுகள் பெருகிவிட்டன, குட்டை பெருகவில்லை. மழை வரும் அறிகுறி தெரிந்தால் குட்டையை அவசரமாகக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் சேர்ந்து பால் கறக்கும் இடத்துக்குள் வந்துவிடும். மழை பெய்த பிறகு வயல் சேறாகி டேங்கர் புதைந்துகொள்ளும். ஆகவே எப்போது ஊற்றக் கூடாதோ சரியாக அப்போது ஊற்றுகிறார்கள். அந்த நாட்களில் ஓய்வில்லாமல் ஓட்டுவதற்கு மேல்படியாகக் கொஞ்சம் தருவார்கள். மழைப்படி என்று அதற்குப் பெயர். போன மழைக்காலத்தில் மழைப்படி நிறைய வந்தது. அதில்தான் எங்கள் மகளுக்குக் கல்லூரிக்குப் போக சைக்கிளும் வீட்டுக்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கினோம். மழை வா வா என்று நானே வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறேன்.

அன்று அவர் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது கேட்டேன். நீங்கள் ஊற்றியதுதான் எங்கள் மீனைக் கொன்றதா என்று நேராகவே கேட்டேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. அவர் கழற்றிய பூட்ஸைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினார்.

“குட்டையைக் காலி பண்ணலைன்னா என்னைக் காலி பண்ணிடுவாங்க” என்றார்.

சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது, பிசைந்தார்.

12. ஐயா, இனிமேல்தான் என் குழப்பம். இதுவரை எழுதியது நடந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு கூலி வந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று இன்னொன்றைத் தின்றிருக்கிறது, நாங்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். இப்போது நான் யார் மேல் புகார் கொடுப்பது? முதலாளி மேல் என்றால், அவர் மீனைக் கெடுக்கவில்லை. லாரிக்காரர் மேல் என்றால், நாறும் மீனை நானே வாங்க மாட்டேன். ஆய்வாளர் மேல் என்றால், அவர் தாளில் இருந்ததைத்தானே படித்தார். மனு எழுதியவர் மேல் என்றால் அவர் எழுதிய நாலு வரியும் உண்மை. என் வீட்டுக்காரர் மேல் என்றால் என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வது. பண்ணைக்காரர் மேல் என்றால், புகார் போன மறுநாள் அவர் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவார் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நிற்கிறேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் பூட்டைத் திறக்காவிட்டால் தராசையும் ஐஸ் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அங்கே அறுக்க அங்கேயே பெண்கள் இருக்கிறார்கள். அவர் போய்விட்டால் இங்கே திறக்க ஒரு பூட்டும் இருக்காது, என் நாத்தனார் திரும்பி வந்து நிற்க ஒரு மேசையும் இருக்காது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

13. என் கோரிக்கைகள். இவற்றில் எது எந்தத் துறை என்று எனக்குத் தெரியாது, தயவுசெய்து துறை பிரித்து என்னிடமே திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

கொட்டகையின் பூட்டை இந்த மாதம் முடிவதற்குள் எடுத்துவிட உத்தரவிட வேண்டும். ஏரியைக் கெடுத்தது எங்கள் வாளி இல்லை என்று ஒரு தாளில் எழுதி, முன்பு தாள் ஒட்டிய அதே கதவில் ஒட்ட வேண்டும். எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்தாக இருக்கட்டும்.

லாரிக்காரர் தள்ளும் மீனுக்கு எங்கள் கூலியில் கைவைக்கக் கூடாது என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிடித்தம் என்றுதான் பெயர் என்றால் பிடித்தம் என்றே இந்த மனுவில் எழுதிக்கொள்கிறேன். இனிமேல் கழிவு என்று எங்கேயும் எழுத மாட்டேன்.

பண்ணையில் குட்டையைப் பெரிதாக வெட்டவும், மழைத்தண்ணீர் சேராமல் மேலே கூரை போடவும், மழைக்கு முன்னால் வயலில் ஊற்றக் கூடாது என்றும் பண்ணை நிர்வாகத்துக்கு உத்தரவிட வேண்டும். பண்ணையை மூட வேண்டாம். கொட்டகையைப் பூட்டியது போல அதையும் ஒரே நாளில் பூட்டிவிட்டு எங்கள் பதிவில் குறை தீர்ந்தது என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேயும் அடுப்பு எரிய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். விசாரிக்கும்போது டேங்கர் ஓட்டுகிறவர்களைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அவர்கள் ஊற்றச் சொன்ன இடத்தில் ஊற்றுகிறவர்கள்.

ஏரி தெளியும்வரை வேலை இல்லாமல் இருக்கும் பெண்களுக்கும் படகுக்காரர்களுக்கும் ஏதாவது வழி செய்ய வேண்டும். என்ன வழி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாசி எடுக்கும் வேலை கொடுத்தால்கூடச் செய்வோம்.

கடைசியாக ஒன்று. இது கோரிக்கையா இல்லையா என்று தெரியவில்லை. விசாரணைக்கு வரும் அதிகாரி பஸ் நிலையத்தில் இறங்குவாரானால், கழிப்பறை வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொட்டகையைப் பூட்டச் சொல்லி உங்கள் தம்பி மனைவி எழுதவில்லை என்று அரசாங்கத்து வாயால் சொன்னால் அவர் நம்புவார். என் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்.

14. இந்த மனுவை முழுதாக எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்க்க என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர். அடுப்படியில் நின்றபடியே படித்தார். 11-ஆவது பத்தியில் ஒரு தடவை நின்றார். வேண்டாம் என்றால் அந்தப் பத்தியை அடித்துவிடுகிறேன், டேங்கர் யார் ஓட்டுகிறார்கள் என்று எழுதாமல் விட்டுவிடலாம் என்று சொன்னேன். மகளின் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதையும் நானே நினைவுபடுத்தினேன். அவர் ‘சாணக் கரைசல்’ என்பதில் நான் விட்டிருந்த ஒரு ‘க்’ஐப் போட்டார். பிறகு என் பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். சாட்சி என்று கோடு போட்டுக் கொடுத்தேன். கீழே இருப்பது அவர் எழுதியது, நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

தாங்கள் இதை நிதானமாக முழுதும் படித்து, எங்கள் வயிற்றில் அடிக்காத ஒரு முடிவைச் சீக்கிரம் எடுக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஏரிக்கரை, படகுத்துறைச் சந்து.
நாள்: குறைதீர்ப்பு நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

இங்ஙனம் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மூன்றாம் மேசை அறுப்புத் தொழிலாளி

சாட்சி:

ஐயா, மேலே எழுதியது எல்லாம் சரி. டேங்கர் ஓட்டுகிறவன் நான்தான். போன மழைக்கு முன்னால் ஊற்றியதும் நான்தான். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். இன்று சாயங்காலத்திலிருந்து மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. குட்டை விளிம்புவரை இருக்கிறது. நாளைக் காலையில் வண்டியை எடுக்கச் சொல்லிப் பண்ணை மேஸ்திரி ஆள் அனுப்பிவிட்டார். எடுக்கட்டுமா வேண்டாமா என்று எனக்கும் ஒரு பதில் போடவும். அக்காவிடம் கேட்கலாம் என்றால் அவள் பேசுவதில்லை.

(ஒப்பம்)
பால் பண்ணை டேங்கர் டிரைவர்